பக்கத்துப் பெஞ்சைப் பற்றி ஒரு புத்தகம்

1997-இல் சுவீடன் பள்ளி மாணவர்களிடம் எடுத்த ஓர் ஆய்வு அந்நாட்டு அரசைத் திடுக்கிட வைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டது உண்மையா என்பதில் பதின்வயதினர் பலருக்கு உறுதியில்லை என்றது அந்த ஆய்வு. பிரதமர் யோரான் பெர்ஷோன் உடனே ஒரு திட்டத்தை அறிவித்தார். ஸ்டெஃபான் ப்ரூக்ஃபெல்ட், பால் லெவின் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய சிறு நூல் 1998 தொடக்கத்தில் அச்சாகி வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் கடிதம் போனது. கேட்டவர்களுக்கு நூல் இலவசம். தொண்ணூறு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விநியோகமாயின. குடியேறிகளின் பிள்ளைகளுக்காக அரபி, துருக்கி, பாரசீகம் முதலிய மொழிகளிலும் அச்சிட்டார்கள். சமூகப் பிரச்சினை ஒன்றை இளையோருக்குப் புரியவைக்க ஓர் அரசு புத்தகத்தை நம்பி இவ்வளவு தூரம் போனது அபூர்வம்.

ஆனால் அந்த நூலில் ஒரு குறை இருந்தது. நடுநிலை நாடு என்று சொல்லிக்கொண்ட சுவீடன் போர்க்காலத்தில் ஹிட்லரின் ஜெர்மனிக்கு இரும்புத் தாது விற்றது. ஜெர்மன் படையினர் தன் ரயில்களில் போய்வர அனுமதித்தது. முப்பதுகளில் தப்பியோடி வந்த யூதர்கள் பலரை எல்லையிலேயே திருப்பி அனுப்பியது. 1943-இல் டென்மார்க்கிலிருந்து படகேறி வந்த யூதர்களுக்கு அடைக்கலம் தந்ததும் அதே சுவீடன்தான். பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன. சுவீடனைப் பற்றிய தனி அத்தியாயமோ பிந்தைய பதிப்பில்தான் சேர்ந்தது.

இளையோருக்குச் சமூகத்தையும் உலகத்தையும் விளக்கும் நூல்களை எடைபோட நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அந்த நூல் வாசிக்கும் பிள்ளைக்கு எவ்வளவு அருகில் வருகிறது? தூரத்து அநீதியைப் படித்துக் கண்கலங்குவது எந்த வயதிலும் எளிது. சொந்த ஊர், சொந்தப் பள்ளி, சொந்த வீடு என்று நூல் நெருங்கி வரும்போதுதான் எழுதுபவருக்கும் பதிப்பிப்பவருக்கும் வாங்கித் தரும் பெற்றோருக்கும் தயக்கம் வருகிறது. உலகெங்கும் இந்த வகை நூல்கள் எடுத்திருக்கும் வடிவங்களைப் பார்த்தால், அந்தத் தயக்கத்தை எப்படிக் கையாளுவது என்பதற்கான பல வழிகளாகவே அவை தெரிகின்றன.

பதின்மூன்று முதல் பதினெட்டு வரையான வயதினரை இன்று செய்தி முதலில் வந்தடைவது ஃபோன் வழியாகத்தான். காசாவும் உக்ரைனும் மணிப்பூரும் முப்பது விநாடி ரீல்ஸாக வருகின்றன. கோபமும் இரக்கமும் வந்துவிடுகின்றன. ஏன் என்பது வருவதில்லை. அந்த ஏன்-ஐச் சொல்லப் பக்கங்கள் வேண்டும், வரிசை வேண்டும். முன்னால் புரட்டிப் பார்த்து ஒப்பிடவும் முடிய வேண்டும். அதனால்தான் இந்த வயதுக்கான நூல்களின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது என்கிறேன்.

அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது கிரீன்ஹேவன் பிரஸ் வெளியிட்ட 'எதிரெதிர்க் கருத்துகள்' என்ற வரிசை. மரண தண்டனை, குடியேற்றம், துப்பாக்கிச் சட்டம் என்று தலைப்புக்கு ஒரு நூல். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் என்று ஒரு கட்டுரை, இல்லை என்று ஒரு கட்டுரை. விவாத மேடைக்குத் தயாராகும் மாணவருக்கு இது வசதி. மரண தண்டனை போன்ற கேள்வியில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்க வேண்டியவை உண்டு. பருவநிலை மாற்றத்தை இதே வார்ப்பில் ஊற்றும்போது கோளாறு வருகிறது. மனிதச் செயல்பாடே புவியைச் சூடாக்குகிறது என்பதில் ஐயமில்லை என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி-யின் 2021 அறிக்கை தீர்த்துச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் மறுப்பவருக்குச் சரிபாதிப் பக்கங்கள் தருவது நியாயமாகத் தோன்றும்; உண்மையில் அது பிள்ளையைத் தவறான இடத்தில் நிறுத்திவிடும். விவாதிக்க வேண்டியது வேறு: யார் எவ்வளவு குறைக்க வேண்டும், நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால் அங்கே வேலை பார்ப்பவர் கதி என்ன, வளர்ந்த நாடுகள் தர வேண்டிய கடன் எவ்வளவு.

கனடாவின் கிரவுண்ட்வுட் பதிப்பகம் வேறு பாதையில் போனது. அதன் கையடக்க வழிகாட்டி நூல்கள் ஜனநாயகம், எண்ணெய், அடிமைத்தனம், இனப்படுகொலை என்று ஒவ்வொரு பொருளையும் அதில் ஊறிய ஒருவர் கையில் கொடுத்தன. அவர்கள் தம் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. இது என் கருத்து, இவை என் காரணங்கள் என்று வெளிப்படையாகப் பேசும் பெரியவரைப் பதினாறு வயதுப் பிள்ளை எதிர்த்துக் கேட்க முடியும். எந்தக் கருத்துமே இல்லாததுபோல் பேசுபவரை எதிர்த்துக் கேட்பது கடினம். இதே பதிப்பகம்தான் டெபோரா எல்லிஸ் எழுதிய, தாலிபான் ஆட்சியில் ஆண்வேடமிட்டுப் பிழைக்கும் பர்வானா என்ற சிறுமியின் கதையை 2000-இல் வெளியிட்டது.

இந்த இழுபறிக்கு விதிமுறையே வகுத்தவர்கள் ஜெர்மானியர்கள். 1976-இல் பாய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் இடதும் வலதுமாகப் பிரிந்து நின்ற கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து மூன்று நெறிகள் பிறந்தன. ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மீது திணித்து அவரைத் திக்குமுக்காட வைக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பறையிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் நிலையை, தன் நலனைத் தானே ஆராய்ந்து பார்க்க மாணவருக்கு வழிகாட்ட வேண்டும். மூன்றாவதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் முதன்மையாகப் படுகிறது. உலகத்தைப் பற்றிப் படிக்கும் பிள்ளை, அந்த உலகத்தில் தான் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது அது.

இந்த நெறிகளை ஒரு தாளில் பார்க்க வேண்டுமானால் டான் பார்-ஓன் என்ற இஸ்ரேலியரும் சாமி அத்வான் என்ற பாலஸ்தீனியரும் ஆசிரியர்களைக் கூட்டி உருவாக்கிய வரலாற்று நூலைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறுபக்கம் பாலஸ்தீனியர் சொல்லும் வரலாறு. 1948 என்ற ஒரே ஆண்டு இங்கே விடுதலைப் போர், அங்கே நக்பா என்ற பேரழிவு. பள்ளிப் பதிப்பில் இரண்டுக்கும் நடுவே எதுவும் அச்சிடாமல் வெற்றிடம் விட்டிருந்தார்கள், மாணவர் எழுதுவதற்காக. இரண்டு வரலாறுகளையும் ஒன்றாகக் குழைத்துப் பொதுவான ஒன்றைத் தரவில்லை. அது இப்போது முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். 2010-இல் காசா எல்லையை ஒட்டிய ஓர் இஸ்ரேலியப் பள்ளி இதைப் பாடமாக வைக்க முயன்றபோது கல்வி அமைச்சகம் தடுத்துவிட்டது. நூல் அருகில் வந்த கணத்தில் கதவு அடைபட்டது.

எண்களை வைத்து உலகை விளக்கும் நூல்களும் உண்டு. உலகம் நூறு பேர் வாழும் கிராமமாக இருந்தால் என்று டேவிட் ஸ்மித் 2002-இல் எழுதிய நூல் பல மொழிகளுக்குப் போனது. ஒரு கிராமவாசி ஏறத்தாழ 6.2 கோடிப் பேருக்குச் சமம். எத்தனை பேருக்குச் சோறு கிடைக்கிறது, எத்தனை பேருக்கு எழுத்தறிவு என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கிராமத்தில் நிலம் யாருடையது, கிணறு யாருடையது என்று நூல் கேட்பதில்லை. பசியின் அளவு தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. பதினைந்து வயதுக்கு இது போதாது.

இந்தியாவில் இந்த வகை முயற்சியின் உச்சம் வணிகப் பதிப்பகங்களிலிருந்து வரவில்லை, பாடநூலாகவே வந்தது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து என்சிஇஆர்டி கொண்டுவந்த சமூக அறிவியல் நூல்களைச் சொல்கிறேன். அதற்கு முன்பே மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு கிராமப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளாகச் செய்துபார்த்த பாடங்களின் அனுபவம் அவற்றுக்குள் இருந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான அரசியல் பாடநூல்களில் உன்னி, முன்னி என்று இரண்டு கார்ட்டூன் பிள்ளைகள் பக்க ஓரங்களில் நின்றுகொண்டு கேள்வி கேட்பார்கள். தேர்தலைப் பற்றிப் பாடம் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, காசுள்ளவர்தானே நிற்க முடிகிறது என்ற தொனியில் இடைமறிப்பார்கள். அரசு அச்சிட்ட நூலே தன் ஓரத்தில் தன்னைச் சந்தேகிக்க இடம் வைத்தது இந்த நாட்டில் பெரிய காரியம்.

அந்த நூல்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பு நூலில் இருந்த, ஓவியர் சங்கர் 1949-இல் வரைந்த கார்ட்டூனில், அரசியலமைப்பு என்ற நத்தைமீது அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். 2012 மே மாதம் தொல். திருமாவளவன் அதை மக்களவையில் எழுப்பினார். அரசு நூலைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது; ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்சிகரும் விலகினார்கள். அந்த எதிர்ப்பைக் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று ஒற்றை வரியில் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. சாட்டையும் அம்பேத்கரும் ஒரே படத்தில் வரும்போது ஒரு தலித் மாணவர் வகுப்பில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதை நூலை உருவாக்கியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். படத்தை எடுத்துவிடுவதைவிட, அந்த மனக்காயத்தையே ஒரு கேள்வியாக முன்னியின் வாயில் வைத்திருந்தால் பாடம் இன்னும் நெருங்கி வந்திருக்கும்.

அதன் பிறகு நடந்தவற்றுக்கு அந்த நியாயமும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் தென் திருவிதாங்கூரில் மேலாடை உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டம் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாறு அது. 2016 இறுதியில் அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது; 2019-இல் பகுதியே நீங்கியது. 2022-இல் சுமையைக் குறைப்பது என்ற பெயரில் பத்தாம் வகுப்பில் மக்கள் போராட்டங்கள், ஜனநாயகத்தின் சவால்கள் பற்றிய பாடங்கள் போயின. பன்னிரண்டாம் வகுப்பில் குஜராத் 2002 போயிற்று. வெட்டிச் சிதைத்த நூல்களில் தங்கள் பெயர் வேண்டாம் என்று அடுத்த ஆண்டு யாதவும் பல்சிகரும் கடிதம் எழுதினார்கள். நீக்கியவை பெரும்பாலும் நமக்கு அருகில் நடந்தவை. பாடநூலுக்கு வெளியே தனி நூல்கள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட தனி நூல்களில் நான் எப்போதும் முதலில் பரிந்துரைப்பது 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தக் கிராஃபிக் நாவலை நவயானா 2011-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பின்னர் தமிழிலும் வந்தது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதினார்கள், கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதி வரைந்தார்கள். கதை அம்பேத்கர் பிறந்த ஊரில் தொடங்குவதில்லை. இன்றைய பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் இடஒதுக்கீட்டைப் பற்றிப் புலம்ப, இன்னொருவர் பதில் சொல்வதிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு பதின்வயதினரும் வீட்டிலோ கோச்சிங் சென்டரிலோ கேட்ட புலம்பல் அது. அங்கிருந்து நூல் 1901-க்குப் போய், தண்ணீர் மறுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுவனைக் காட்டுகிறது. படங்களைக் கட்டங்களுக்குள் அடைக்க ஓவியர்கள் சம்மதிக்கவில்லை. பக்கம் முழுவதும் கோலம்போல் ஓடும் எல்லைகள்தான். பேச்சுக் குமிழ்களைப் பாருங்கள்: அன்பாகப் பேசுபவரின் சொற்கள் பறவை வடிவில் இருக்கும், சாதித் திமிரோடு பேசுபவரின் சொற்களுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். யார் பேச்சு கொட்டுகிறது என்று ஒரு வரி விளக்கமில்லாமல் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

துர்காபாய் ஓவியம் வரைந்த இன்னொரு நூல், காஞ்சா அய்லய்யா எழுதியது. தமிழில் 'பானை செய்வோம், பயிர் செய்வோம்' என்ற பெயரில் அருணா ரத்னம் மொழிபெயர்ப்பில் வந்தது. பழங்குடியினர், ஆடுமாடு மேய்ப்போர், தோல் பதனிடுவோர், குயவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், நாவிதர் என்று ஒவ்வொரு தொழிலையும் எடுத்துக்கொண்டு அதற்குள் இருக்கும் அறிவியலைச் சொல்கிறது. தோல் பதனிடுவது வேதியியல். அதைச் செய்தவரைத்தான் ஊருக்கு வெளியே வைத்தோம். சாதி தவறு என்று உபதேசிக்காமல், யாருடைய அறிவில் நாம் வாழ்கிறோம் என்று காட்டிவிட்டு நகர்கிறது. கதையல்லாத நூல் இந்த வயதினருக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டுவேன்.

தமிழிலேயே எழுதியவற்றில் வலு கதைகளிடம்தான் இருக்கிறது. இரா. நடராசனின் 'ஆயிஷா', ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரையாகவே அமைந்த கதை. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கிய மாணவியை அது தமிழ்நாட்டின் ஆசிரியர் அறைகளுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் சீண்டலைப் பிள்ளைகளிடம் பேச ஒரு பொம்மையைத் துணைக்கு அழைத்தது. 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கு 2023-இல் அதே விருது கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு' மிகச் சிறிய புத்தகம். நான் சொல்லும் அளவுகோலில் அது முன்வரிசையில் நிற்கிறது, ஏனென்றால் வாசிக்கும் பையனின் மணிக்கட்டிலேயே அந்தக் கயிறு இருக்கக்கூடும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்கும் சாதி அடையாளங்களுக்கும் பள்ளிகளில் தடை கேட்டது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் ஆசிரியரிடம், ஏன் சார் என்று பையன் கேட்டால் கையில் கொடுக்க என்ன இருக்கிறது? 'கயிறு' இருக்கிறது. அதற்கு அடுத்து? நம் மாவட்டத்தில் சாதி எப்படி வேலை செய்கிறது, நிலம் எப்போது யார் கைக்குப் போனது, இடஒதுக்கீட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, பெரிய மோதல்களுக்குப் பிறகு வந்த விசாரணைக் குழுக்கள் என்ன கண்டன என்று பதினைந்து வயதுக்குப் புரியும் தமிழில், ஆதாரத்தோடு சொல்லும் கதையல்லாத நூலை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் அறிவியலையும் சுற்றுச்சூழலையும் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறது. சூழல் பற்றிய நல்ல நூல்கள் அந்த மரபில் வந்தன. மொழிபெயர்ப்பிலும் செல்வம் உண்டு. தத்துவ வரலாற்றைச் சொல்லும் 'சோஃபியின் உலகம்', மர்ஜானே சத்ரபியின் ஈரான் கதை, ஆன் ஃபிராங்க், மலாலா எல்லாம் தமிழில் கிடைக்கின்றன. புத்தகக் காட்சியில் பெற்றோர் இவற்றை மனமுவந்து வாங்குகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த சிறுமியைப் பற்றி மகள் படிக்கலாம்; தெருமுனையில் நடந்ததைப் படிக்க வேண்டாம். 2015-இல் சுவீடனில் பதினாறு வயதினர் அனைவருக்கும் நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் பெண்ணியக் கட்டுரையை நூலாக்கிக் கொடுத்தார்கள். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' பல பத்தாண்டுகளாக நம்மிடம் இருக்கிறது, மலிவு விலையில், கையடக்கமாக. அதை மேல்நிலைப் பள்ளி வகுப்பில் எல்லோருக்கும் கொடுப்போம் என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால் பெற்றோர் கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

எழுத வேண்டிய நூல்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரித்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. முகாம் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அதே பாடம், அதே பொதுத்தேர்வு. இங்கேயே பிறந்த இவனுக்கு ஏன் பாஸ்போர்ட் கிடையாது என்று பக்கத்துப் பெஞ்சுக்காரன் கேட்டால் பதில் சொல்லும் நூல், 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளிலிருந்து தொடங்கலாம். ஆனால் அங்கே நின்றுவிட முடியாது. மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கிய 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்கும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பின்னோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் முகாம்களில் இருப்போரில் மலையக வேர் கொண்டவர்களும் உண்டு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை என்பதையும், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும் என்ற சட்டத்தையும் விளக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை ஏன் இல்லை என்பதில் அரசு சொல்லும் காரணத்தையும் எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கலாம். இது உண்மையாகவே விவாதத்தில் இருக்கும் கேள்வி. முகாமில் வளர்ந்த ஒருவரே அதை எழுதினால் இன்னும் நல்லது. நூற்றைம்பது பக்கம், நூறு ரூபாய்க்கு மேற்படாத விலை, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி நூலகத்துக்கும் இரண்டு பிரதி. பதிப்பகங்களிடமும் பள்ளிக்கல்வித் துறையிடமும் நான் கேட்பது முதலில் இந்த ஒரு நூலைத்தான்.